ரீச்சர் கட்டாத காப்பு

ஆர் என்ன சொன்னாலும் சொன்னதைச் சொன்னபடி மற்றப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கிறவ எங்கட ரீச்சர். கூட்டவும் மாட்டா, குறைக்கவும் மாட்டா. நாங்கள் தமிழில சொல்லுறதை மனேஜருக்கு இங்கிலிசில சொல்லுவா. அவர் சொல்லுறதை எங்களுக்குத் தமிழில சொல்லுவா. ஒருக்கால் எங்கட பூமணி கோவத்தில, "இந்த மொட்டையனுக்குக் கண் தெரியாதோ எண்டு கேளுங்கோ ரீச்சர்" எண்டாள். நாங்கள் சிரிச்சு முடியிறதுக்கிடையில அவ அதை அப்பிடியே கேட்டுப்போட்டா. மனேஜர் தன்ர தலையைத் தடவிப் பார்த்திட்டு என்னவோ சொன்னார். "கண் நல்லாத் தெரியுமாம், மயிர்தான் இல்லையாம்" எண்டு முகத்தில ஒரு சிரிப்பும் இல்லாமல் அதையும் எங்களுக்குச் சொன்னா. பூமணி அண்டு முழுக்கக் குனிஞ்ச தலை நிமிரேல்லை.

"ஏன் ரீச்சர், கொஞ்சம் மாத்திச் சொல்லியிருக்கலாமே?" எண்டு நான் கேட்டன்.

"மாத்தத் தொடங்கினால் எங்கை நிப்பாட்டிறது, அக்கா?"

இது நாங்கள் சான்ட்விச் ஃபக்டரியில வேலை செய்த காலம். நான் நோர்பரியில இருந்தனான், இப்பவும் அதே வீடுதான். அவ ஸ்ட்ரெதத்தில தன்ர வயசுபோன தாயோட இருந்தவ. வேலைக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரரின்ர வான் முதலில அவவை ஏத்திக்கொண்டு பிறகு என்னை ஏத்தும். எனக்கெண்டு பக்கத்துச் சீற்றில தன்ர பையை வைச்சு இடம் பிடிச்சிருப்பா. ஊரில அவ பெரிய வகுப்புப் பிள்ளையளுக்குப் பொருளியல் படிப்பிச்சவ. இஞ்சை பாணுக்கு மேல சீஸ் வைச்சா. நான் அவவுக்குப் பக்கத்தில நிண்டு முட்டை பூசினனான். எனக்கு அடுத்தது பூமணி, பாணை மூடி வெட்டுறவள்.

என்னைப் பற்றியும் சொல்லத்தான் வேணும். நான் அஞ்சாம் வகுப்போட நிண்ட ஆள். தமிழை விரலை வைச்சு வைச்சு வாசிப்பன். இங்கிலிசைக் காதால பிடிப்பன், கண்ணால ஏலாது. ஆனால் என்ர வேலையில ஆரும் ஒரு குறை சொல்ல விடமாட்டன். வீட்டு மணைக்கட்டை முதல் வேலையிடத்து வாளி வரைக்கும் நான் துடைச்சால் முகம் பார்க்கலாம். அதை ஆரும் நாலு பேர் சொல்லிக் கேக்கிறதில எனக்கு ஒரு ஆசை. அது நல்ல குணம் எண்டுதான் கனகாலமாய் நினைச்சிருந்தனான்.

ரீச்சருக்கு ஒரு ஆள் இருந்தவர். பகிடிக்கு அப்பிடித்தான் சொல்லுவம். இருநூறு வரியத்துக்கு மேல முந்திச் செத்த ஒரு ஸ்கொட்லாந்துக்காரர். அப்ப ஓடின இருபது பவுண் நோட்டில அவரின்ர முகம் இருந்தது. நீள மூக்கு, பின்னால கட்டின பொய்முடி. ரீச்சர்தான் ஒருநாள் வானுக்குள்ள நோட்டை விரிச்சுக் காட்டினா.

"இவர் ஆர் ரீச்சர், ராசாவோ?"

"இல்லை அக்கா, என்னைப்போல ஒரு வாத்தியார். மனுசர் எப்பிடி நல்லது கெட்டது யோசிக்கினம் எண்டு முதலில ஒரு புத்தகம் எழுதினவர். நாடுகள் எப்பிடிச் செல்வமாகுது எண்டு பிறகு இன்னொண்டு எழுதினவர். உலகம் ரெண்டாவதைத்தான் பிடிச்சுக்கொண்டுது. எனக்கு முதலாவதுதான்."

முகத்துக்குப் பக்கத்தில குண்டூசி செய்யிற இடத்தின்ர படம் இருந்தது. ஒருத்தன் கம்பியை இழுக்கிறான், ஒருத்தன் நிமித்திறான், ஒருத்தன் வெட்டுறான், ஒருத்தன் கூராக்கிறான். தனிய ஒருத்தன் நிண்டால் ஒரு நாளில ஒரு ஊசி முடிக்கிறதே பெரிய பாடாம். பிரிச்சுச் செய்தால் ஆயிரக்கணக்கில விழுமாம்.

"அப்ப எங்கட லைன்தானே இது" எண்டன்.

"ஓம் அக்கா. ஆனால் அதே ஆள் இன்னொண்டும் சொன்னவர். சீவியம் முழுக்க ஒரே வேலையைச் செய்யிறவன்ர மூளை மழுங்கிப்போகும் எண்டு."

"அப்ப நாள் முழுக்கச் சீஸ் வைக்கிற உங்கட மூளை?"

"அதுக்குத்தானே கதைச்சுக்கொண்டு நிக்கிறன்."

உண்மையாத்தான் கதைச்சா. அந்த மனுசன் யோசனையில பாணையும் பட்டரையும் உருட்டித் தேத்தண்ணிக் கேத்திலுக்குள்ள போட்டு, வெந்நீரை விட்டுக் குடிச்சுப் பார்த்திட்டு, இப்பிடி ஒரு கூடாத தேத்தண்ணியைத் தான் குடிச்சதேயில்லை எண்டு குறை சொன்னவராம். பாணும் பட்டருமாய் நிண்ட எங்களுக்கு அது பெரிய பகிடி. ஆரும் லைனில ஏதாவது பிழையாய் வைச்சால், "ரீச்சரின்ர ஆள் வந்திட்டார்" எண்டு பூமணி கத்துவாள். அவரும் கலியாணம் கட்டாமல் தாயோடதான் சீவிச்சவராம். "பொருத்தம் பார்த்தால் பத்தும் சரிவரும் போல" எண்டு நான் சொல்ல, ரீச்சர் சீஸை வைச்சுக்கொண்டு, "ஆள்தான் கொஞ்சம் பிந்திப்போனார் அக்கா" எண்டா.

ஒருநாள் எனக்குச் சின்னவிரலில வெட்டு. நீலப் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில முனகிக்கொண்டு இருந்தன். அங்கை சுவரில இருந்த ரீவியில எங்கையோ தூர தேசத்தில பூமி நடுங்கி வீடுகள் இடிஞ்சு கிடக்குது. நான் விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன்.

"அவரும் உதைத்தான் எழுதினவர்" எண்டா ரீச்சர். "சீனாவில பூமி நடுங்கிச் சனமெல்லாம் அழிஞ்சுபோச்சுது எண்டு கேட்டால் ஒருத்தன் கவலைப்படுவான், ரெண்டு கதை கதைப்பான், பிறகு நல்லா நித்திரை கொள்ளுவான். நாளைக்கு உன்ர சின்னவிரலை வெட்டப்போறம் எண்டால் அவனுக்குக் கண் மூடாது. ஆனால் அவனிட்டைப் போய், உன்ர விரலைக் காப்பாத்த அந்தச் சனமெல்லாம் சாகட்டோ எண்டு கேட்டுப்பாருங்கோ. மாட்டன் எண்டுதான் சொல்லுவான். ஏன்?"

"பாவம் பாத்துத்தான்."

"இல்லையாம். பாவம் பார்க்கிறது சின்னச் சாமான், அதுக்கு அவ்வளவு பலம் இல்லையாம். உள்ளுக்குள்ள ஒரு ஆள் நிண்டு பார்த்துக்கொண்டிருக்கிறாராம். எங்கட ஆளுமில்லை, மற்றவையின்ர ஆளுமில்லை. நீ அந்தச் சனத்தில ஒருத்தன்தான், கூடின ஆளில்லை எண்டு அவர் சொல்லுவாராம்."

"உதைக் கடவுள் எண்டு சொல்லிவிட்டால் முடிஞ்சுதே?"

"கடவுளுக்கு நேத்தி வைக்கலாம் அக்கா. இவருக்கு வைக்கேலாது."

எனக்கு அந்தக் கதை பிடிக்கேல்லை. நான் நேத்தி வைக்கிற ஆள்.

ரோல்ஸ் கதையையும் சொல்லிப்போட்டுப் போறன். நத்தாருக்கு முதல் ஆளாளுக்கு ஒரு சாப்பாடு கொண்டுவாற வழக்கம் அங்கை. நேரம் காணாமல் நான் நோர்பரிக் கடையில ரோல்ஸ் வாங்கி, வீட்டுத் தட்டில அடுக்கிக் கொண்டுபோய், நான் சுட்டது எண்டு சொல்லிப்போட்டன். எல்லாரும் புகழ்ந்து தள்ளிச்சினம். போலந்துப் பெட்டை ஒருத்தி எப்பிடிச் செய்யிறது எண்டு கேக்க, ரீச்சர் தமிழில கேட்டா. நான் மாவில தொடங்கி மிளகு வரைக்கும் ஒரு செய்முறை சொன்னன். அவ ஒவ்வொண்டாய் இங்கிலிசில சொன்னா. அவ ஸ்ட்ரெதத்தில இருந்து வந்து அதே கடையில எல்லா ஞாயிறும் அதே ரோல்ஸ் வாங்கித் தாய்க்குக் குடுக்கிறவ எண்டு எனக்குப் பிறகுதான் தெரியும்.

அண்டு வானில வரேக்க ஒரு சொல்லுத்தான் சொன்னா. "செய்யாத ஒண்டுக்குப் புகழ்ச்சி கிடைச்சால் விளங்காத ஆள் சந்தோசப்படுவாராம். விளங்கின ஆளுக்கு அது அடியைவிட நோகுமாம். அந்தாள் சொன்னது."

நான் யன்னலாலை வெளியில பார்த்துக்கொண்டு வந்தன். ஆனால் எனக்கு நோகேல்லை. அதுதான் உண்மை.

இனிச் சொல்லவேண்டியதுக்கு வாறன்.

கேதாரகௌரி விரதம் எங்கட பெண்டுகள் பிடிக்கிறது. இருபத்தொரு நாள் பிடிச்சு, கடைசி நாள் கோயிலில இருபத்தொரு இழையில இருபத்தொரு முடிச்சுப் போட்ட காப்பு நூலை இடக்கையில கட்டுவம். அடுத்த வரியம் வரைக்கும் அது கையில இருக்கவேணும். புருசன்மாருக்காகப் பிடிக்கிற விரதம். அந்த வரியம் இவருக்கு நெஞ்சில ஒப்பரேசன். நான் முடிச்சுப் போடேக்க ஒவ்வொண்டுக்கும் அவரின்ர பேரைச் சொல்லிப் போட்டனான்.

ஃபக்டரியில கையில ஒண்டும் இருக்கக்கூடாது. கலியாண மோதிரம் மட்டும் சரி. நூலைக் கண்டதும் கழட்டச் சொன்னார் மனேஜர். பூமணி அழுதுபோட்டாள். ரீச்சர்தான் மனேஜரின்ர கந்தோருக்குள்ள போய் ஒரு மணித்தியாலமாய் நிண்டு கதைச்சவ. வெளியில வந்து, "நூலுக்கு மேல நீலப் பட்டி சுத்தி ஒட்டவேணும். விடிய உள்ளுக்கு வரேக்க வாசலில அவைக்குக் காட்டவேணும். ஒரு நூல் எண்டாலும் சாப்பாட்டுக்க விழுந்தால் எல்லாருக்கும் இந்த ஒழுங்கு நிண்டுபோகும். சம்மதமோ?" எண்டு கேட்டா. எல்லாரும் ஓம் எண்டம். நான்தான் கூடச் சத்தமாய்ச் சொன்னனான்.

அவவுக்கு நூல் இல்லை. அவ விரதமும் இல்லை, கோயிலும் குறைவு. "கட்டாத நூலுக்கு ஏன் ரீச்சர் இவ்வளவு நேரம் கதைச்சனீங்கள்?" எண்டு பூமணி கேட்டாள். "கட்டினவையின்ர இடத்தில நிண்டு பார்த்தன்" எண்டா.

ரெண்டு மாதம் போயிருக்கும். அண்டைக்கு நான் பிந்தி வந்தன். அந்தப் பட்டி கையைக் கடிச்சுத் தோல் சிவந்து கிடந்தது. ஒருநாளைக்கு என்ன எண்டு பட்டி சுத்தாமல் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டு, வாசலில சனத்தோட சனமாய்ப் புகுந்திட்டன். பத்து மணி போல முட்டை வாளிக்குள்ள கையை விட்டுக் கிண்டினது நினைவிருக்கு. பிறகு லைன் நிண்டுது.

மனேஜர் ஒரு சான்ட்விச்சுக்குள்ள இருந்து நூலைத் தூக்கிப் பிடிச்சார். முட்டையும் மயோனேசும் வழிஞ்சுகொண்டு இருந்தது. நான் சட்டைக் கைக்கு மேலாலை மணிக்கட்டைத் தடவிப் பார்த்தன். இல்லை.

எல்லாரும் சட்டைக் கையை மடிச்சுக் காட்டவேண்டி வந்தது. பூமணிக்கும் மற்றவைக்கும் நூலும் இருந்தது, பட்டியும் இருந்தது. தமிழாக்களில வெறுங்கையாய் நிண்டது ரெண்டு பேர். நானும் ரீச்சரும்.

மனேஜர் கூடாத மனுசன் இல்லை. முதலில ரீச்சரைத்தான் கேட்டார். அவ தான் கட்டுறேல்லை எண்டு சொன்னா. அந்தாள் நம்பாமல் பார்த்தது எனக்கே விளங்கிச்சுது. நூலுக்காக இவ்வளவு வாதாடினவ நூல் கட்டாமல் இருப்பாவோ எண்டுதானே ஆரும் நினைப்பினம். பிறகு என்னைக் காட்டி, அவவைக் கேள் எண்டார்.

ரீச்சர் என்ர பக்கம் திரும்பினா. "இந்த நூல் உங்கடையோ எண்டு கேக்கிறார் அக்கா."

அவவின்ர முகத்தில ஒண்டும் இல்லை. கோவமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. மறுமொழிக்குக் காத்துக்கொண்டு நிண்டா. எனக்கு முதலில வேலை நினைவு வந்தது. பிறகு இவர். காப்பு அறுந்து முட்டைக்குள்ள விழுந்தது எண்டு என்ர வாயால சொன்னால் அவருக்கு ஏதாவது வந்திடுமோ எண்டு ஒரு பயம். ஆனால் இதெல்லாத்தையும்விட, பூமணி பார்த்துக்கொண்டு நிக்கிறாள், போலந்துப் பெட்டை பார்த்துக்கொண்டு நிக்கிறாள், நான் குறை கேக்கிறதோ எண்டதுதான் பெரிசாய் வந்தது. இதை இப்ப எழுதேக்க வெக்கமாய் இருக்கு. அப்ப அது வெக்கமாய் இருக்கேல்லை, அவசரமாய் இருந்தது.

"இல்லை ரீச்சர். என்ரதை நான் கழட்டி வீட்டில சாமித்தட்டில வைச்சிட்டு வந்தனான். பட்டி கடிக்குது எண்டு."

அவ மனேஜரிட்டைத் திரும்பினா. நான் காதைக் குடுத்துக்கொண்டு நிண்டன். வீடு எண்டது விளங்கிச்சுது, கடவுள் எண்டது விளங்கிச்சுது, தோல் கடிச்சது விளங்கிச்சுது. ஒரு சொல்லுக் கூட்டேல்லை. ஒரு சொல்லுக் குறைக்கேல்லை. தன்னைக் குத்தவாளியாக்கிற கதையைத் தன்ர வாயாலேயே, எனக்காக, நல்ல இங்கிலிசில சொல்லி முடிச்சா. பிறகு கைகளை முன்னால கட்டிக்கொண்டு நிண்டா.

உள்ளுக்குள்ள நிக்கிற ஆள் எண்டு அவ சொன்னாவே, அண்டைக்கு எனக்கு அப்பிடி ஒருத்தரும் நிக்கேல்லை. அவவுக்கு மட்டும்தான் நிண்டவர் போல.

பூமணிக்கு எல்லாம் தெரியும். பட்டி இல்லாமல் நான் வந்ததை அவள் கண்டவள். எனக்கு ஊர்ப் பழக்கம் அவள். வாய் திறக்கேல்லை. பின்னேரம் வானுக்குள்ள, "ரீச்சர் படிச்ச ஆள்தானே அக்கா, வேறை வேலை எடுத்திடுவா" எண்டு மட்டும் சொன்னாள். எனக்குப் பக்கத்துச் சீற் வெறுமையாய் இருந்தது. அவவை மத்தியானமே வீட்டை அனுப்பிப்போட்டினம். அடுத்த கிழமையில இருந்து ஏஜென்சிக்காரர் அவவைக் கூப்பிடேல்லை. வான் ஸ்ட்ரெதத்துக்குப் போகாமல் நேர என்னட்டை வரத் தொடங்கிச்சுது.

அதோட முடிஞ்சிருந்தாலும் பரவாயில்லை. ரெண்டு கிழமையால, சாப்பிடுற இடத்துச் சுவரில ஒரு கடுதாசி குத்தியிருந்தது. மேல என்ர பேர் இருக்கிறது மட்டும் தெரிஞ்சுது. எப்பவும் ரீச்சர்தான் எனக்கு வாசிச்சுச் சொல்லுறவ. அண்டைக்கு அந்தப் போலந்துப் பெட்டை கையாலையும் வாயாலையும் விளங்கப்படுத்தினாள். எல்லாருக்கும் நூல் கட்ட விட்டிருந்தும், சாப்பாட்டின்ர சுத்தத்துக்காகத் தானாய்க் கழட்டி வீட்டில வைச்சிட்டு வந்தவ எண்டு என்னை மெச்சி எழுதியிருந்தவை. எல்லாரும் கை தட்டிச்சினம். மனேஜர் அதைப்போல ஒண்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு என்ர கையில தந்தார்.

அப்பதான் நொந்தது. ரோல்சுக்கு நோகாதது இதுக்கு நொந்தது. ரீச்சரின்ர ஆள் சொன்னது சரிதான். ஆனால் நொந்துகொண்டே ரெண்டு கையாலையும் வாங்கினனான். இவருக்கு நல்ல சந்தோசம். ஒப்பரேசன் முடிஞ்சு நடக்கத் தொடங்கின உடன தானே ஆணி அடிச்சு அதைச் சுவரில கொழுவினார். வாற போற ஆக்களுக்கெல்லாம் காட்டினார். பிறகு ஆறு வரியம் இருந்தார். நான் சொல்லேல்லை. அடுத்த விரதத்துக்கு ஐயர், "பழைய காப்பு எங்கையம்மா, தண்ணியில விடவேணுமே" எண்டு கேட்டார். அறுந்துபோச்சுது எண்டன். எங்கை எண்டு அவர் கேக்கேல்லை.

ஸ்ட்ரெதம் அப்பிடித் தூரம் இல்லை. பஸ் எடுத்தால் கொஞ்ச நேரம்தான். இவ்வளவு வரியமும் நான் அந்த பஸ் எடுக்கேல்லை.

போன மாரியில எனக்கு மூச்சு இழுக்கத் தொடங்கிச்சுது. ஆஸ்பத்திரியில தமிழ் சொல்லுறதுக்கு ஒரு ஆள் ஒழுங்குபண்ணித் தருவினம் எண்டு மகள் சொன்னாள். அவள் வேலைக்குப் போயிட்டாள், நான் தனியப் போனன். அறைக் கதவைத் திறந்தால், கழுத்தில ஒரு அட்டையைக் கொழுவிக்கொண்டு, தலை முழுக்க நரைச்சு, ரீச்சர் இருக்கிறா.

"வணக்கம் அக்கா, வாங்கோ" எண்டா. "டொக்டர் சொல்லுறதை நான் உங்களுக்குச் சொல்லுவன். நீங்கள் இந்த அறையில வாய் திறந்து சொல்லுறது எல்லாத்தையும் டொக்டருக்குச் சொல்லுவன். ஒண்டையும் விடேலாது. அது என்ர வேலையின்ர முறை. விளங்குதோ?"

"விளங்குது" எண்டன். அதையும் அவ டொக்டருக்குச் சொன்னா.

டொக்டர் ஒரு இளம் பிள்ளை. மூச்சு, நித்திரை, மருந்து எண்டு ஒவ்வொண்டாய்க் கேட்டா. நான் சொல்லச் சொல்ல ரீச்சர் சொன்னா. என்ர இளைப்பு, என்ர நோ எல்லாம் அவவின்ர குரலில இங்கிலிசில போனது. கடைசியாய் டொக்டர் பேனையை மூடினா. ரீச்சர் என்னைப் பார்த்து, "வேறை ஏதாவது சொல்ல இருக்கோ எண்டு கேக்கிறா" எண்டா.

எனக்கு வாயில வந்திட்டுது. "ரீச்சர், அந்தக் காப்பு என்ரது."

அவ கண் வெட்டேல்லை. டொக்டரிட்டைத் திரும்பி அதை இங்கிலிசில சொன்னா. அந்தப் பிள்ளை ஒண்டும் விளங்காமல் என்னையும் என்ர மணிக்கட்டையும் பார்த்து என்னவோ கேட்டா.

"என்ன காப்பு, அதுக்கும் வருத்தத்துக்கும் ஏதும் தொடர்போ எண்டு டொக்டர் கேக்கிறா, அக்கா."

அதே முகம். கோவமும் இல்லை, கெஞ்சலும் இல்லை. மறுமொழிக்குக் காத்துக்கொண்டு இருந்தா. சொல்லியிருக்கலாம். ஃபக்டரியும் இல்லை, இவரும் இல்லை, பறிபோகிறதுக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை. முன்னுக்கு இருந்தது முன்பின் தெரியாத ஒரு பிள்ளை. அந்தப் பிள்ளைக்கு முன்னாலையும் என்ர மதிப்புக் குறையக்கூடாது எண்டு இருந்தது.

"ஒண்டுமில்லை எண்டு சொல்லுங்கோ" எண்டன்.

சொன்னா. அந்தச் சொல்லு எனக்கும் விளங்கிற இங்கிலிஸ்தான்.

வெளியில நடையில வந்து எனக்கு அடுத்த தவணைக் கடுதாசியை மடிச்சுத் தந்தா. "அடுத்தமுறை வேறை ஆள் வரலாம் அக்கா." பிறகு, போகத் திரும்பினவ நிண்டா. "அது உங்கடை எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். முட்டைக்குள்ள உங்கட கைதானே போறது. நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டுதான் தெரியாமல் கேட்டனான்."

அடுத்த அறைக்குள்ள ஆரோ வயசுபோன ஐயாவுக்குச் சொல்லப் போயிட்டா. அவவின்ர குரல் கதவுக்குள்ளாலை கேட்டுக்கொண்டிருந்தது.

சுவரில இருந்த சட்டத்தைக் கழட்டிப்போட்டன். ஆணி மட்டும் நிக்குது. மகள் கேட்டாள், சுவருக்குப் பெயின்ற் பூசப்போறியளோ எண்டு. இதை எழுதத் தொடங்கினதைக் கண்டிட்டு, "நீங்கள் சொல்லுங்கோ அம்மா, நான் கொம்பியூட்டரில வடிவாய் அடிச்சுத் தாறன்" எண்டாள். வேண்டாம் எண்டிட்டன். இதை இன்னொரு ஆளின்ர வாயாலையோ கையாலையோ சொல்லுவிக்கக்கூடாது. மூண்டு மாதமாய் விரலை வைச்சு வைச்சு எழுதுறன். ரீச்சரின்ர ஆள் சாக முதல், தான் அரைகுறையாய் எழுதினதெல்லாத்தையும் எரிப்பிச்சவராம். என்ரது முழுக்க அரைகுறைதான். எரிக்கேல்லை.

அவவின்ர பேரை நான் எழுதேல்லை. ஒருக்கால் செய்யாத ஒண்டுக்கு அந்தப் பேரை எழுதிப்போட்டினம், அது காணும்.

டொக்டர் கேட்டதுக்கு மறுமொழி இது. கேதாரகௌரிக் காப்பு, பிள்ளை. இருபத்தொரு இழை, இருபத்தொரு முடிச்சு. முடிச்சு நான் போட்டது. பட்டி சுத்தாமல் வந்தது நான். முட்டைக்குள்ள விழுந்தது என்ரது.